புதிய ஓட்டிக்கு 16 கி.மீ. வேக வரம்பு ஏன்?

எண்டூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் இறங்குகிற புதியவர்கள் பலருக்கு முதலில் கசப்பது வேக வரம்புதான். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் நட்சத்திரத் தரப் போட்டிகளுக்குப் போகுமுன் புதியவர்களுக்கான தகுதி ஓட்டங்களை முடிக்க வேண்டும். அவற்றில் சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. ‘என் குதிரை இன்னும் வேகமாகப் போகுமே’ என்பார்கள். போகும்தான். அதன் கால்கள் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பயிற்சி தொடங்கிச் சில மாதங்களில் இதயமும் தசையும் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மூச்சு வாங்காத குதிரைக்குத்தான் நாண் கிழியும் அபாயம் அதிகம், ஏனென்றால் அதை யாரும் நிறுத்துவதில்லை.

அவசரத்தால் நேரமும் மிஞ்சாது. ஓட்டம் பல சுற்றுகளாக நடக்கும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிப்பார். இடைச் சுற்றுகளில் முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கடிகாரம் நிற்பதில்லை. குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கிப் பரிசோதனைக்கு நிறுத்தும்வரை ஓடும். கடைசி 2 கி.மீ.யைப் பாய்ச்சலில் கடந்து 3 நிமிடம் மிச்சம் பிடித்தவர், துடிப்பு இறங்க 12 நிமிடம் காத்திருப்பார். கடைசி ஒரு கி.மீ.யில் வேகத்தைத் தளர்த்தி, இறங்கி, கூடவே நடந்து வாருங்கள். இறுதிச் சுற்றில் மட்டும் முடிவுக் கோட்டிலேயே நேரம் நின்றுவிடும். புதியவர்கள் வரம்பை எளிதில் மீறுவது அங்கேதான். ஒரு கி.மீ.க்கு 3 நிமிடம் 45 நொடிக்குக் குறையாமல் ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள்.

ஆனால் 16 என்பது உச்ச வரம்பு, இலக்கல்ல. வெயிலும் புழுக்கமும் உள்ள நாளில் 12 கூட அதிகமாகலாம். குதிரையின் வியர்வையில் உப்பு மிகுதி. நீரோடு உப்பும் போய்விடுவதால் உடல் வற்றினாலும் தாகம் தெரியாது. பல் ஈறை விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவுக்குப் பின்னால் இருபுறமும் குடல் இரைச்சல் கேட்க வேண்டும். துடிப்பை எண்ணி, 40 மீட்டர் டிராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில்) போய்த் திரும்பச் செய்து, டிராட் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். நான்குக்கு மேல் கூடியிருந்தால் வலியோ களைப்போ இருக்கலாம். இதயத் துடிப்போடு சேர்ந்து விலா துடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் குடிக்காத குதிரைக்கு எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பசை ஊட்ட வேண்டாம். உடலில் மிஞ்சிய நீரையும் அது குடலுக்குள் இழுத்துவிடும்.

நீங்களே விலகினாலும் மருத்துவரிடம் காட்டாமல் குதிரையை வண்டியில் ஏற்றாதீர்கள். உடல் தளர்வு பல நேரம் ஓட்டம் நின்று ஓரிரு மணி நேரம் கழித்தே வெளிப்படும்.