பழைய ஸ்மோக்கரைப் புதுப்பிக்கும் முன்

ஸ்மோக்கர் என்பது இறைச்சியைப் புகையிலும் சூட்டிலும் வேகவைக்கும் இரும்பு அடுப்பு. வெல்டிங் பட்டறைக்குப் பழைய ஸ்மோக்கரைக் கொண்டுவருபவர்கள் முதலில் காட்டுவது துருவைத்தான். நான் முதலில் கேட்பது, "உள்ளே பெயின்ட் அடித்தீர்களா?" என்று.

ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த ஸ்மோக்கர் கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்து, உள்ளும் புறமும் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். தீ மூட்டியதும் உள்பக்கம் கொப்பளித்து, செதில் செதிலாக இறைச்சியின் மேல் உதிர்ந்திருக்கிறது. "டப்பாவில் 600 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்ததே" என்றார். அந்த எண் பெயின்ட் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்கிறது. சாப்பாட்டின் மேல் விழலாம் என்று சொல்லவில்லை. வெப்பம் தாங்கும் பெயின்ட் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

உள்பக்கத்துக்குச் சமையல் எண்ணெய் போதும். தளர்ந்த துருவையும் கரியையும் சுரண்டிவிட்டு, துணியால் மெல்லிசாக எண்ணெய் தடவி, இறைச்சி எதுவும் வைக்காமல் 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். எண்ணெய் இறுகித் தகட்டோடு படிந்துவிடும். ஏற்கெனவே வழவழப்பாக, கெட்டியாகப் படிந்திருக்கும் கறுப்பை உரிக்க வேண்டாம், அதுதான் தகட்டின் காவல். மூடியின் அடியில் உரிந்து தொங்குவதைப் பெயின்ட் என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கருகிய கொழுப்பு. சுரண்டினால் வந்துவிடும்.

துருவைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சோதனை போதும். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல தகடு கணீர் என்று ஒலிக்கும், இற்றுப்போனது 'பொத்'தென்று சொல்லும். பெரும்பாலும் முதலில் இற்றுப்போவது, ஸ்மோக்கரில் தீ எரியும் பகுதியான நெருப்புப் பெட்டியின் அடித்தகடு. சாம்பலை அள்ளாமல் விட்டால் அது ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும்.

அந்தத் தகட்டை மாற்றும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. கைக்குக் கிடைத்த ஜிஐ தகட்டை வெட்டி வைத்துவிடுகிறார்கள். ஜிஐ என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் நெருப்பு அதைவிடப் பல மடங்கு சூடு. தொழிலுக்கு வந்த புதிதில் முகமூடி இல்லாமல் ஜிஐ குழாய் ஒன்றைப் பற்றவைத்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி வாயெல்லாம் இரும்பு ருசி, குளிர் நடுக்கம், காய்ச்சல். இரண்டு நாளில் சரியானது, ஆனால் அந்த நடுக்கத்தை இன்னும் மறக்கவில்லை. நெருப்புப் பெட்டிக்குப் பூச்சில்லாத சாதா இரும்புத் தகடுதான் போடவேண்டும்.

இன்னொன்று, எண்ணெய்ப் பிசுக்கு போக, வண்டி பிரேக்கைச் சுத்தம் செய்யும் பிரேக் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வெல்டிங் செய்வது. அதில் குளோரின் கலந்த வகை இருக்கிறது. வெல்டிங் வெப்பமும் ஒளியும் பட்டால் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும்.

பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டை கிரில்லாகப் போடாதீர்கள். சிலவற்றில் காட்மியம் பூச்சு இருக்கும், அது நஞ்சு. மூடி ஓரத்தில் மிகப் பழைய கயிறு போன்ற அடைப்பு இருந்தால் கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதைப் பிய்க்கவோ தேய்க்கவோ வேண்டாம். வயர் பிரஷ் போட்டபின் கிரில் முழுவதையும் ஈரத்துணியால் துடையுங்கள். உதிர்ந்த ஒரு கம்பி உணவோடு தொண்டைக்குப் போனால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

சரி, எல்லாம் முடிந்தது, முதல் தீ மூட்ட வேண்டும். மழை வந்தால் தள்ளிப்போடுங்கள். ஷெட்டுக்குள் இழுத்து, கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு மூட்ட வேண்டாம். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகை அடங்கிக் கங்கு மட்டும் மினுங்கும்போதும் அது வந்துகொண்டுதான் இருக்கும். தலைவலிக்கிறது, தூக்கமாக வருகிறது என்றால் உடனே எல்லோரும் வெளியே வந்து, மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள்.