ஆறுதலா, ஆற்றுதலா?

'எமோஷனல் சப்போர்ட்' என்பதைத் தமிழில் எழுதச் சொன்னால் பலர் 'உணர்வுபூர்வமான ஆதரவு' என்று எழுதுவார்கள். பிழையில்லை. ஆனால் மட்டக்களப்பில் எந்த மனிசியும் தன் மனிசனிடம் "உணர்வுபூர்வமான ஆதரவு தாங்க" என்று கேட்டு நான் அறியேன். நம்மிடம் புழங்குகிற சொல் ஆறுதல்.

ஆறு என்ற வினைக்குச் சூடு தணிவது என்று பொருள். சோறு ஆறும், புண் ஆறும், கோபமும் ஆறும். எல்லாம் தானாக நடப்பவை, இது தன்வினை. பிறவினை ஆற்று, பேச்சில் ஆத்து. தேத்தண்ணியைக் கோப்பைக்குக் கோப்பை உயர்த்தி ஊற்றி ஆத்துகிறோமே, அந்த ஆத்துதான். அதற்கு ஒரு கை வேண்டும்.

ஆக, ஒருவருக்குக் கிடைப்பது ஆறுதல், அதற்காக மற்றவர் படும் பாடு ஆற்றுதல். நாமோ இரண்டையும் ஆறுதலுக்குள்ளேயே போட்டு மூடிவிட்டோம்.

மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் உறவினர் வீடு ஒன்று. ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்த மனிசன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குந்தில் இருந்தார். அவர் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியை ஆத்திக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து, "மறுகா?" என்றார், பிறகு என்ன என்பதுபோல. அவ்வளவுதான். லீசிங் காசில் தொடங்கி அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தார் மனிசன். அந்த அம்மாவுக்கு அன்று முழுக்கத் தலையிடி. அது எனக்குத் தெரிந்ததே அடுத்த நாள்தான்.

இங்கே கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டோடு வந்திருப்பதுதான் வழக்கம். வேலிக்கு அப்பால் அவளுக்குத் தாய் இருப்பார், தங்கச்சி இருப்பாள். அவருக்கு? வாவிக்கரையில் கூட்டாளிகள் உண்டு, "என்ன மச்சான்?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல மச்சான்" என்பதோடு கதை முடியும். மிச்சம் எல்லாம் வீட்டுக்குத்தான் வரும், ஒரே ஆளின் தலையில்.

அகப்பாடல்களிலும் பிரிவை ஆற்றாமல் தவிக்கிறவள் தலைவி, அவளை ஆற்றுவிப்பவள் தோழி. இரண்டு பேரும் பெண்கள். கலித்தொகை 133இல் தோழி தலைவனைப் பார்த்தே சொல்கிறாள்: 'ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்'. அலந்தவர் என்றால் துன்பப்பட்டவர். அடுத்த வரி இன்னும் நேரடி: 'போற்றுதல் என்பது புணர்ந்தாரைப் பிரியாமை'. அதாவது, இது உன் வேலையும்தான் ஐயா.

1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 'எமோஷனல் லேபர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகச் சிரிப்பதைப் பற்றியது அது. வீட்டில் சம்பளமில்லாமல் நடப்பதற்கு அவர் வைத்த பெயர் 'எமோஷன் வேர்க்'. இப்போது இரண்டையும் குழப்பிப் பேசுகிறார்கள். முதலாவதற்கு உணர்வுழைப்பு என்பது பொருந்தும். இரண்டாவதற்கு ஆற்றுதலே போதும் என்பேன்.

ஒரு எச்சரிக்கை: ஆற்றுப்படை, ஆற்றுப்படுத்தல் என்பவற்றில் வரும் ஆறு வேறு. அது வழி. உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, ஆற்றுப்படுத்தல் என்று சிலர் எழுதும்போது மனதை ஆற்றுவது என்றே நினைத்துக்கொள்கிறோம். சொல்லின்படி அது வழிகாட்டல்.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். 'அவருக்கு ஆறுதல் கிடைத்தது' என்றால் கொடுத்தவர் யாரென்று யாரும் கேட்கப்போவதில்லை. 'ஆற்றினாள்' என்று எழுதினால் அவள் வந்துவிடுகிறாள். 'ஆற்றினான்' என்றும் எழுதலாம், இலக்கணம் தடுக்காது.