லாஜிஸ்டிக்ஸ் என்றால் தளவாடமா?

கார்கில் போரில் பணியாற்றியவர்களின் நினைவுகளைத் தமிழாக்கிய கட்டுரை ஒன்று போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்தது. அதில் ஒரு வரி: "திராஸ் பகுதியில் பகலில் தளவாடங்கள் நிறுத்தப்பட்டன." என் சித்தப்பா ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் லாரி ஓட்டியவர். 1999-இல் போர் நடந்தபோது திராஸ் வழியாகப் போகும் மலைச் சாலையில்தான் இருந்தார். படித்துக் காட்டினேன். "பகல்ல பீரங்கியைக் கொண்டுபோய் நிறுத்தினாங்களா? எந்த இடத்துல?" என்று கேட்டார்.

அவர் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. அந்தத் தமிழ் வரிக்கு அதுதான் பொருள். எழுதியவர் சொல்ல வந்தது வேறு: பகலில் லாரிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்பது.

மூலச் சொல் லாஜிஸ்டிக்ஸ். பிரெஞ்சில் 'லோஜே' என்றால் தங்கவைப்பது. படைக்குத் தங்குமிடமும் தீனியும் வழியும் பார்த்து வைக்கிற வேலையைக் குறிக்க அதிலிருந்து வந்ததென்பார்கள். கணக்குப் பார்ப்பது என்ற கிரேக்கச் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. நெப்போலியன் படையில் இருந்த ஜோமினி 1838-இல் வெளியிட்ட போர்க்கலை நூலில் இதற்குத் தனி இடம் கொடுத்தார். அப்புறம் ராணுவத்திலிருந்து வணிகத்துக்கும் போனது. எப்படிப் பார்த்தாலும் இது ஒரு வேலையின் பெயர்.

தளவாடம் பொருளின் பெயர். துப்பாக்கி, பீரங்கி, குண்டு, கருவி எல்லாம் தளவாடம். 'போர்த் தளவாடத் தொழிற்சாலை' என்பதில் அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது. இலங்கையிலோ தளபாடம் என்றால் மேசை, நாற்காலி, கட்டில். இப்படிக் கையால் தொட்டுப் பார்க்கிற ஒன்றுக்கு வழங்கும் சொல்லை, அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலைக்கும் வைத்தால் இரண்டுமே கெடும். சித்தப்பா இதை இன்னும் நன்றாகச் சொன்னார்: "தளவாடம் டிப்போல கிடக்கும். அதை மேலே ஏத்துறதுதான் எங்க வேலை."

அந்த வேலையைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலை ஸோஜிலா கணவாயைத் தாண்டித் திராஸ் வழியாகப் போகிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் மாதக்கணக்கான அரிசி, மாவு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கோடையிலேயே ஏற்றி வைக்க வேண்டும். போரின்போது டோலோலிங் மலை உச்சியைப் பிடித்திருந்த பாகிஸ்தான் படையினருக்குத் திராஸ் சாலை கண்ணுக்கு நேரே தெரிந்தது. அதனால் ஹெட்லைட் போடாமல் இரவில் ஓட்டினார்கள். முன்னால் போகும் லாரியின் பின்னச்சில், நடுவில் இருக்கும் உருண்டைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே ஒரு சின்ன பல்பு எரியும். பின்னால் வருகிறவருக்கு அந்த வெள்ளை வட்டம்தான் சாலை. சித்தப்பா ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். சாலை முடிகிற இடத்திலிருந்து கோவேறு கழுதை. கழுதையும் ஏறாத இடத்தில் மனிதர் முதுகு.

போஃபர்ஸ் பீரங்கியின் ஒரு குண்டு 40 கிலோவுக்கு மேல். அந்தப் போரில் இந்தியத் தரப்பில் சுடப்பட்ட குண்டும் ராக்கெட்டும் சேர்த்துச் சுமார் 2,50,000 என்பது கணக்கு. குண்டு தளவாடம், சரி. அது சமவெளியிலிருந்து பீரங்கி வாய்வரை போய்ச் சேர்ந்த கதைக்கு என்ன பெயர்?

'ஏற்பாட்டியல்' என்று சிலர் எழுதுகிறார்கள். தளவாடத்துக்கு இது மேல், வேலை என்றாவது தெரிகிறது. ஆனால் கல்யாணமும் ஏற்பாடுதான், பொதுக்கூட்டமும் ஏற்பாடுதான். போதாக்குறைக்கு 'இயல்' சேர்த்தவுடன் கல்லூரிப் பாடம் ஆகிவிடுகிறது. "நான் ஏற்பாட்டியலில் இருந்தேன்" என்று எந்த லாரி டிரைவர் சொல்வார்?

என் பரிந்துரை வழங்கல். புதிதாகச் செய்த சொல் இல்லை. ரேஷன் கார்டுக்காக வட்ட வழங்கல் அலுவலரிடம் போய் நிற்காத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. சித்தப்பாவும் "நான் சப்ளையில இருந்தேன்" என்றுதான் சொல்வார். போக்குவரத்தையும் இருப்பையும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'வழங்கல் ஏற்பாடு' என்று எழுதலாம். வணிகத்தில் சரக்குப் போக்குவரத்து என்ற நல்ல தொடர் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் 'தளவாட ஆதரவு', 'தளவாடச் சவால்கள்' என்று நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றன. மொழிபெயர்ப்பு எந்திரம் ஒரு சொல்லைத் தருகிறது, அதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். எழுதிய வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும், நிறுத்தப்பட்டது பீரங்கியா லாரியா என்ற சந்தேகம் அவர்களுக்கே வரும். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை, அவருக்கே புரியாத தமிழில் எழுதியிருக்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

வரியை இப்படித் திருத்தினேன்: "திராஸ் பகுதியில் பகலில் வழங்கல் நிறுத்தப்பட்டது." சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இப்போ புரியுது. ஆனா அதோட விட்டுடாதே, ராத்திரி நடந்துச்சுன்னும் எழுது" என்றார். எழுதினேன்.