கார்டு போட்ட பிறகும் பாஸ்வேர்ட் ஏன் கேட்கிறது?

ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். கஸ்டம்ஸ் பேப்பர் தாக்கல் செய்ய டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ்) டோக்கனைச் செருகி பின் நம்பர் அடிப்பது அங்கே தினசரி வேலை. அவர்களுடைய லினக்ஸ் கணினிகளில் லாகினையும் ஸ்மார்ட்கார்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். கார்டு போட்டு பின் அடித்ததும் திரை திறந்தது, ஆனால் குரோமைத் தொட்டவுடன் கீரிங் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. "அதான் கார்டு போட்டாச்சே தம்பி, இன்னும் என்ன பாஸ்வேர்ட்?" என்றார் கணக்கு பார்க்கும் அக்கா. நியாயமான கேள்வி.

கீரிங் என்பது வைஃபை, பிரவுசர், மெயில் பாஸ்வேர்டுகளையெல்லாம் பூட்டி வைக்கும் பெட்டி. லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் அது வட்டில் (டிஸ்கில்) இருக்கும் ஒரு ஃபைல்தான், அதைப் பூட்டும் சாவியே உங்கள் லாகின் பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. வழக்கமாக லாகின் செய்யும்போது நீங்கள் அடித்த பாஸ்வேர்டை, லாகினைக் கவனிக்கும் பேம் என்ற அடுக்கு கீரிங்குக்கும் கொடுத்துவிடும். அதனால்தான் பெட்டி திறப்பதே நமக்குத் தெரிவதில்லை.

கார்டு வேலை செய்யும் விதம் வேறு. கணினி ஒரு புதிய எண்ணை அனுப்பும், கார்டு தன் ரகசியச் சாவியால் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரும், அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வரவே வராது. கையெழுத்தும் ஒவ்வொரு முறையும் மாறும். வாட்ச்மேன் ஆளைத் தெரிந்துகொண்டு கேட்டைத் திறந்துவிடுகிறார், சரி, பீரோ சாவி யார் கையில்? கீரிங்குக்கு வேண்டியது என்றைக்கும் மாறாத ஒரு ரகசியம், அது இங்கே யாரிடமும் இல்லை.

பலர் செய்யும் குறுக்குவழி, பின் நம்பரையே கீரிங் பாஸ்வேர்டாக வைப்பது. தயவுசெய்து வேண்டாம். 6 இலக்க பின் என்றால் மொத்தமே 10 லட்சம் வாய்ப்புகள்தான். சில தடவை தப்பாக அடித்தால் கார்டு தானே பூட்டிக்கொள்ளும், ஆனால் ஃபைலுக்கு அந்தப் புத்தி கிடையாது, அதைக் காப்பியடித்தவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம்.

நான் செய்தது இதுதான். நீளமான, தாறுமாறான ஒரு பாஸ்வேர்டை உருவாக்கி அதைக் கீரிங்குக்கு வைத்தேன். அதே பாஸ்வேர்டைக் கார்டின் பொதுச் சாவியால் மறையாக்கி (என்கிரிப்ட் செய்து) வட்டில் போட்டேன். பொதுச் சாவி ரகசியச் சாவியின் ஜோடி, இதால் பூட்டியதை அந்த ரகசியச் சாவிதான் திறக்கும். லாகின் ஆனதும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அந்த மறையாக்கத்தைக் கார்டிடம் கொடுக்கும், கார்டு உள்ளுக்குள்ளேயே பிரித்துத் தரும் பாஸ்வேர்டு கீரிங்கைக் கவனிக்கும் பின்னணி புரோகிராமான கீரிங் டீமனுக்கு நேராகப் போகும், வட்டில் எழுதப்படாது. ஆனால் பின் நம்பரைக் கார்டு இன்னொரு தடவை கேட்காமல் இருக்க, லாகினில் திறந்த கார்டு அப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இதைச் சரிக்கட்டத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இதற்கு மறையாக்கத்துக்கான சான்றிதழ் கார்டில் இருக்க வேண்டும். டிஎஸ்சி வாங்கும்போது கையெழுத்துக்கு ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தருவார்கள், இரண்டாவது இல்லாமல் இந்த வழி நடக்காது. அப்புறம், அந்த நீளமான பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் லாக்கரில் வைக்கச் சொன்னேன். கார்டு தொலைந்தாலோ பூட்டிக்கொண்டாலோ கீரிங்கைத் திறக்க அந்தத் தாள் மட்டும்தான் மிச்சம்.