பரணில் கிடைத்த பிளாப்பியை உடனே போட்டுப் பார்க்காதீர்கள்

வேலூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் பரணைக் காலி செய்யும்போது, லேபிள் ஒட்டிய பிளாப்பிகளோடு (ஃபைல்களைச் சேமித்து வைத்த பழைய கம்ப்யூட்டர் வட்டுகள்) ஒரு பெட்டி கிடைப்பதுண்டு. தொண்ணூறுகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கு அதைப் பார்த்ததும் கை பரபரக்கும். டிரைவில் தள்ளினால் ஒரு 'டக்', அப்புறம் அந்தக் 'கர்ர்... கர்ர்'. அதை மறுபடி கேட்கும் ஆசையில்தான் நல்ல பிளாப்பிகள் பல சாகின்றன. சர்வீஸ் மேசையில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஹார்ட் டிஸ்கில், டேட்டாவைப் படிக்கும் ஹெட் தட்டைத் தொடாமல் மிதக்கும். பிளாப்பியில் அப்படியில்லை. மெல்லிய பிளாஸ்டிக் வட்டு நிமிடத்துக்கு 300 அல்லது 360 சுற்று சுற்ற, ஹெட் அதன்மேல் உரசிக்கொண்டே படிக்கும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் பரண் முழுக்க ஈரம். வருடக்கணக்கில் அங்கே கிடந்த வட்டில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு இளகும். அந்த வட்டு சுற்றினால் பூஞ்சை ஹெட்டில் அப்பி, உப்புத்தாள் போலப் பூச்சைச் சுரண்டிவிடும். பூச்சு போனால் டேட்டாவும் போச்சு. எவ்வளவு செலவழித்தாலும் யாராலும் மீட்க முடியாது. அழுக்கான அதே ஹெட்டில் அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியும் கெடும்.

அதனால் முதலில் கண்ணால் பாருங்கள். 3½ அங்குல பிளாப்பி என்றால் உலோக ஷட்டரை விரலால் ஒதுக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் நடுவிலுள்ள உலோக வட்டை மெதுவாகத் திருப்புங்கள். கருப்பாக, ஒரே சீராக மின்னினால் நல்லது. வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரிந்தால் டிரைவ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்கலாம், ஆனால் பழகிய கை வேண்டும்.

அடுத்தது பூட்டு. 3½ அங்குலத்தில் மூலையில் நகரும் தாழுள்ள ஓட்டை திறந்திருந்தால் எதையும் எழுத முடியாது. பழைய 5¼ அங்குலத்தில் ஓரத்துப் பள்ளத்தை டேப் போட்டு மூடினால்தான் பூட்டு. நேர் எதிர்! யார் யோசித்தார்களோ. இந்தப் பூட்டு ஏன் முக்கியமென்றால், வட்டைப் படிக்க முடியாதபோது விண்டோஸ் 'பார்மட் செய்யவா?' என்று சாதுவாகக் கேட்கும். கேட்டால் 'வேண்டாம்' என்று வெளியே வந்துவிடுங்கள். பதற்றத்தில் 'சரி' கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பூட்டியிருந்தால் அப்போதும் எதுவும் அழியாது.

ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ரசிப்பதெல்லாம் பிறகு. முழு வட்டையும் அப்படியே இமேஜாக, அதாவது ஒரே ஃபைலான நகலாக, ஒரே ஓட்டத்தில் எடுத்துவிட வேண்டும். 1.44 எம்பிதானே, சில நிமிட வேலை. (கணக்குப் பார்த்தால் 14,74,560 பைட். 1000-த்தையும் 1024-ஐயும் கலந்து பெருக்கினால்தான் அந்த 1.44 வரும்.) சில செக்டர் (வட்டின் சிறு பகுதி) படிக்காமல் போனாலும் அதைத் தாண்டி மிச்சத்தை எடுக்கிற மென்பொருள்கள் உண்டு.

எடுத்த ஃபைலில் அப்பா டைப் செய்த தமிழ்க் கடிதம் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும். கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ள பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட் அது. எந்த ஃபான்ட் என்று கண்டுபிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

3½ அங்குலத்துக்கு யூஎஸ்பி டிரைவ் ஆன்லைனில் கிடைக்கிறது. 5¼ அங்குலத்துக்கு அப்படிச் சுலபமாக எதுவும் இல்லை. பழைய டிரைவையே தேடிப் பிடித்து, தனி போர்டு வைத்து இணைக்க வேண்டும். எனவே பரணில் பிளாப்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய சிபியு இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும்முன் முன்பக்கம் பாருங்கள். அகலமான வாயும் திருகும் கைப்பிடியும் இருந்தால், அதையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.