மூன்றாவது தண்டவாளம்: ஒரு படக்காட்சியிலிருந்து

மெட்ரோ பராமரிப்புப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கு மின்பாதுகாப்பு வகுப்பெடுக்கும்போது, 1984-இல் வெளியான ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்தின் ஒரு காட்சியைச் சொல்லித்தான் தொடங்குவேன். ஹாரி பெலஃபான்டே தயாரிப்பில் ஸ்டான் லேதன் இயக்கிய அந்தப் படத்தில், நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கென்னி, பிரேக் டான்ஸ் ஆடும் அவன் தம்பி லீ, ரயில் பெட்டிகளில் கிராஃபிட்டி வரையும் நண்பன் ரமோன் என ஹிப்-ஹாப்பின் தொடக்க காலத்து இளைஞர்கள் வருகிறார்கள். வெள்ளையடித்த ரயிலொன்றில் ரமோன் ஆசையாக வரைந்ததை ‘ஸ்பிட்’ என்பவன் கிறுக்கிக் கெடுத்துவிட, சுரங்கப்பாதையில் துரத்திப்போய்க் கட்டிப்புரளும் இருவரும், ரயிலுக்கு மின்சாரம் தருவதற்காகப் பாதையோரம் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் விழுந்து உயிரிழக்கிறார்கள்.

தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியைப் பார்த்தே பழகியவர்களுக்கு, கணுக்கால் உயரத்தில் ஓடும் இந்தத் தண்டவாளத்தின் மீது பயமே வருவதில்லை. நியூயார்க்கில் அதில் பாய்வது சுமார் 625 வோல்ட் நேர்மின்சாரம் (DC). பெங்களூரு மெட்ரோவில் 750. “இவ்வளவுதானா சார்?” என்பார்கள். உடனே கரும்பலகையில் கணக்குப் போடுவேன். உடலின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்தாலும் 625 வோல்ட்டில் சுமார் 0.6 ஆம்பியர் பாயும்; இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கே போதும். உயர் மின்னழுத்தம் தோலின் தடையை உடைத்துவிடும். வியர்வையும் ஈரமும் அதற்குத் துணைபோகும். தசை விடாமல் இறுகியே இருந்துவிட்டால், பிடித்த கையை விலக்கிக்கொள்ளவும் முடியாமல் போகலாம். மேலே காப்புப் பலகை இருக்கிறதே என்று நம்ப முடியாது, ஏனெனில் ரயிலின் மின்சேகரிப்பான் உரசிச் செல்ல ஒரு பக்கத்தைத் திறந்தேதான் விட்டாக வேண்டும். படத்தில் வருவதைப்போல் சண்டை போட்டு விழ வேண்டியதில்லை. கைப்பேசியை எடுக்கக் குனிந்து கால் இடறினாலே போதும்.

சென்ற முறை ஒரு பையன், “பக்கத்தில் ஆள் இருந்தால் இழுத்துப் போட்டிருக்கலாமே?” என்று கேட்டான். இழுப்பவரின் உடல் வழியாகவும் அதே மின்சாரம் தரைக்கு இறங்கும் என்றேன். கையுறை இருந்தால் என்றான். அவன் மேசையில் கிடந்த நூல் கையுறையைக் கேட்டு வாங்கினேன். காலை வேலையின் வியர்வை இன்னும் காயாமல் பிசுபிசுத்தது. பயணி தண்டவாளத்தில் விழுந்தால் நாம் கீழே குதிக்கக்கூடாது, நிலைய ஊழியரை அழைத்தோ அவசரப் பொத்தானை அழுத்தியோ மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும், துண்டித்துவிட்டதாகக் கட்டுப்பாட்டு அறை உறுதி சொல்லும்வரை நடைமேடையிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கையுறையைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதைப் போட்டுக்கொள்ளாமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.