ஹாப்பரைக் கழற்றினால் மார்க்கர் காலியாகிவிடாது

டொராண்டோவுக்கு வெளியே ஒரு பெயிண்ட்பால் களத்தில் மார்க்கர்களை, அதாவது பெயிண்ட் நிரப்பிய பந்துகளைச் சுடும் துப்பாக்கிகளை, பழுதுபார்ப்பது என் வேலை. போன மாதம் ஒரு தம்பி தன் சொந்த மார்க்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குறிபார்க்க மேலே பொருத்தும் ரெட் டாட் சைட் ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறார். நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஹாப்பர், அதாவது பந்துகளை நிரப்பும் டப்பா, பார்வையை மறைக்கிறது. அதனால் ஹாப்பரிலிருந்து பந்துகள் இறங்கும் குழாயான ஃபீட் நெக்கை ரம்பத்தால் அறுத்து, பக்கவாட்டில் சாயும் எல்போ என்ற வளைகுழாய் ஒன்றை எபோக்சி பசை வைத்து ஒட்டியிருக்கிறார். இப்போது பந்துகள் உள்ளேயே உடைகின்றன.

பந்தைச் சுடும் வாயு இருக்கும் டேங்க் மாட்டியபடியே இருந்தது. கேட்டதற்கு, "ஹாப்பரைக் கழட்டிட்டன் அண்ணா, உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்றார். இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டோம். சுடும் குழாயான பேரலைப் பழந்துணி அடைத்த பெட்டிக்குள் வைத்து டிரிகரை அழுத்தினேன். துணியெல்லாம் மஞ்சள் பெயிண்ட்.

ஹாப்பர் போய்விட்டாலும், கடைசியாக இறங்கிய பந்து, அதைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். ஒரு பந்து ஏறக்குறைய 3 கிராம்தான். ஆனால் களங்களில் வழக்கமான உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர். அந்த வேகத்தில் வரும் 3 கிராம், திறந்த கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். களத்தில் கவசத்தைக் கழற்றாதவர்கள்கூட வீட்டு மேசையில் அதைப் போடுவதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

ஆகவே ஃபீட் நெக்கில் கை வைக்கும் முன் வரிசை இதுதான்: கவசம், பேரல் உறை, ஹாப்பரைக் கழற்றுவது, டேங்க்கைக் கழற்றுவது. அப்புறம் உறையை எடுத்துவிட்டுப் பாதுகாப்பான திசையில் சத்தம் நிற்கும்வரை சுட வேண்டும். டேங்க் போன பிறகும் வால்வுக்குள் கொஞ்சம் காற்று மிஞ்சியிருக்கும், அது ஒரு பந்தைத் தள்ளப் போதும். கடைசியாகப் பேரலையும் கழற்றி உள்ளே கண்ணால் பாருங்கள்.

டேங்க்கைத் திருகும்போது இன்னொன்று. கார்பன் டை ஆக்ஸைடு டேங்க்கில் 21 டிகிரி வெப்பத்தில் சுமார் 850 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது 30 சொச்சம். திருகும்போது டேங்க்கும் அதன் பித்தளை வால்வும் சேர்ந்தே சுற்ற வேண்டும். வால்வு மார்க்கரிலேயே நிற்க, டேங்க் மட்டும் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். அப்படி வால்வை விட்டுக் கழன்ற டேங்க் ராக்கெட் மாதிரிப் பறக்கும். 2 பேர் இறந்த பிறகு, 2004இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரித்தது. வால்விலிருந்து டேங்க்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் நீங்களே திருக வேண்டாம், டேங்க் பார்ப்பவரிடம் கொடுங்கள்.

சரி, பந்து ஏன் உடைகிறது? வழக்கமான பந்தின் விட்டம் 17.3 மில்லிமீட்டர். சாதாரண ஹாப்பரில் அதை இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. தன் விட்டம் அளவு நேராக விழ ஒரு பந்துக்கு 60 மில்லிநொடி ஆகும். 45 டிகிரி சாய்த்தால், உராய்வே இல்லாவிட்டாலும் 70. நிஜத்தில் உராய்வு உண்டு, இன்னும் தாமதமாகும். நொடிக்குப் பத்து முறை சுட்டால் ஒரு சுற்றுக்கு 100 மில்லிநொடிதான், அதிலும் போல்ட் திறந்திருப்பது ஒரு பகுதி நேரம். பந்து பாதி இறங்கியிருக்கும்போதே போல்ட் மூடும், ஜெலட்டின் ஓடு நறுக்கென்று வெட்டுப்படும். எல்போ மாட்டியவர்கள் நிதானமாகச் சுட வேண்டும், அல்லது மோட்டாரால் பந்தைத் தள்ளும் ஹாப்பருக்கு மாற வேண்டும்.

தம்பியின் மார்க்கரில் வேறு சிக்கல்களும் இருந்தன. அறுத்த விளிம்பில் பிசிறு. ஒட்டிய இடத்தில் நகத்தில் தட்டுப்படும் ஒரு படி. பஞ்சை உள்ளே விட்டு இழுத்தேன், இரண்டு இடத்தில் சிக்கியது. பஞ்சு சிக்கும் இடத்தில் பந்தும் சிக்கும். ஈரக்காற்றில் ஜெலட்டின் உப்பிவிட்டால் இன்னும் மோசம். எபோக்சி வேறு டீடென்ட் வரை வழிந்திருந்தது. பந்து ஒவ்வொன்றாக நிற்பதற்கான சின்னத் தடுப்பு அது. அசையாமல் ஒட்டிக்கொண்டால் பந்தும் ஒழுங்காக நிற்காது, சில வேளை இரண்டு சேர்ந்து பேரலுக்குள் போய்விடும்.

என்னைக் கேட்டால், சைட்டுக்காக ஃபீட் நெக்கை அறுக்கவே கூடாது. சைட்டை உயர்த்தவோ பக்கவாட்டில் தள்ளவோ ரெயில் என்ற தாங்குபட்டை கிடைக்கிறது, திருகாணியோடு முடிகிற வேலை. டிப்மன் ஏ-5 போன்ற மார்க்கர்களில் ஹாப்பரை இடப்பக்கம் வைத்து, சுடும் வாயுவின் ஒரு பங்கைக் கொண்டே சக்கரத்தைச் சுழற்றிப் பந்தை ஊட்டுகிறார்கள். மேலே சைட்டுக்கு இடம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

தம்பிக்குப் புதிய ஃபீட் நெக்கும் பக்கவாட்டு ரெயிலும் போட்டுக் கொடுத்தேன். டீடென்ட்டையும் மாற்றினேன். காற்றில்லாமல், பேரல் இல்லாமல், போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து இருபது பந்துகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கின. அதன் பிறகுதான் டேங்க்கை மாட்டி, வேகத்தை அளந்து, களத்துக்குள் விட்டேன்.